புளித் தடம்

கலவை மேசையில் ஆறு குமிழ்கள் இருந்தன. ஆறாவது குமிழை அடியோடு இறக்கி, அதன் மேல் வெள்ளை நாடாவைக் குறுக்காக ஒட்டியிருந்தார்கள். அதற்கு முறையான பெயர் 'உதரத் தடம்'. கலவை அறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. புளி என்றுதான் சொல்வார்கள். ஆபத்தான இடத்தில் வயிற்றில் புளியைக் கரைக்குமே, அந்தப் புளி.

'ஏறு, ஓட்டு' நிகழ்ச்சி அந்த மேசையிலிருந்துதான் வீடுகளுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோயம்புத்தூரில் சாலைகள் காலியாகிவிடும். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இடுப்பில் மெய்ப்பட்டை, கையில் மெல்லிய உறை, காலில் ஒரு காலுறை, அவ்வளவுதான் தேவை. தொகுப்பாளர் மருதாசலம் புது வண்டி ஒன்றில் ஏறி, எங்கோ ஒரு மலைப்பாதையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், கோபிசெட்டிப்பாளையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மணிக்கட்டு இறுகும். மருதாசலம் கிளட்சை மிதித்தால் அவர் பாதத்தின் கீழ் ஏதோ அமுங்கும். கை, கால், தோள், இடுப்பு, மூச்சு, வயிறு என்று ஆறு தடங்களில் ஒரு மனிதனின் உடம்பு முழுதாக வீட்டுக்கு வந்துவிடும்.

தொடங்கிய புதிதில் புளியும் சேர்ந்தே போனது. ஈரோட்டில் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபிறகு நிறுத்தினார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நிலையம் ஒரு விதி போட்டது: குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி, பயம் வேண்டாம். அன்றைக்கு ஒட்டிய நாடா அது. ஒட்டியபின் பார்வையாளர்கள் மூன்று மடங்கானார்கள். வேகம் இருக்கிறது, பள்ளத்தாக்கு இருக்கிறது, பயம் மட்டும் இல்லை, யாருக்குத்தான் கசக்கும்?

கோகிலவாணி அந்த மேசையில் சேர்ந்தது நாடா ஒட்டியதற்குப் பிறகுதான். பகலில் நிலையத்தில் வேலை, மாலையில் நரம்புப் பொறியியல் பட்டய வகுப்பு. எதையும் ஒழுங்காக, வரிசையாகச் செய்கிறவள், செய்ததைச் சரிதானா என்று திரும்பிப் பார்க்கிறவள், பார்த்தபிறகும் நம்பாதவள். கலவைக்காரர்கள் பட்டை கட்டக்கூடாது என்பது அங்கே கட்டாயம். மேசையில் இருக்கும்போது உடம்பு குலுங்கினால் குமிழ் நகர்ந்துவிடும். அவள் அதை வீட்டிலும் கடைப்பிடித்தாள். யாரும் கேட்கவில்லை, தன் உடம்பு கெட்டுப்போனால் வேலையில் தப்பு வருமோ என்ற சந்தேகம்தான்.

சேர்ந்த புதிதில் ஒருமுறை மட்டும் துணிந்து ஒரு யோசனை சொல்லியிருந்தாள். நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒதுக்கலாம். ஈரச்சாலையில் பிரேக் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது, உதிரி பாகம் எங்கே கிடைக்கிறது, அப்படி. தயாரிப்பாளர் ரொசாரியோ கோபப்படாமல் கேட்டுவிட்டு, சமையல் நிகழ்ச்சி பார்க்கிறவர்கள் சமைக்கவா பார்க்கிறார்கள் என்று கேட்டார். தகவல் வேண்டுமென்றால் வண்டியோடு ஒரு புத்தகம் தருகிறார்களே, நாம் தருவது ஞாயிற்றுக்கிழமை என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அவர் சொல்வதுதான் சரியோ என்று அன்றைக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு முடிந்து, பேருந்து நிறுத்தத்தில் ருக்சானா அந்தப் பேச்சை எடுத்தாள். ருக்சானா அவளோடு படிப்பவள், வயதில் மூத்தவள். சிங்காநல்லூரில் சொந்தமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தாள்.

"இப்ப வர்றவங்களுக்கு நான் ஒண்ணுமே சொல்லித் தர வேண்டியதில்ல வாணி. மொத நாளே கிளட்ச் பூப்போல எடுக்கறாங்க. கியர் விழறது சத்தமே கேக்கறதில்ல. எல்லாம் உங்க நிகழ்ச்சி புண்ணியம்."

"நல்லதுதானக்கா?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு. வளைவு வருது, கால் எடுக்க மாட்டேங்கறாங்க. எடுங்கன்னு சொன்னா எடுக்கறாங்க. சொல்லாட்டி அப்படியே உள்ள விடறாங்க. போன மாசம் ஒரு பையன், மொத தடவையிலயே லைசென்ஸ் வாங்கினவன், குன்னூர் ரோட்டுல வண்டியக் கவுத்துட்டான். கை ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. பாக்கப் போனேன். சிரிச்சுக்கிட்டே சொல்றான், அக்கா, உருள்றப்பகூட ஒரு செகண்ட் பயமா இல்லக்கான்னு."

பேருந்து வந்தது. ருக்சானா ஏறிப் போய்விட்டாள். வாணி தன் பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். மறுபடி மறுபடி உணர்வதை உடம்பு தூக்கத்தில் மனப்பாடம் செய்துகொள்கிறது என்று சற்றுமுன்தான் வகுப்பில் கேட்டிருந்தார்கள். ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதைச் சேர்த்தே வைத்துக்கொள்ளும். ஒன்று விடுபட்டால் விடுபட்டபடியே வைத்துக்கொள்ளும். பரீட்சைக்கு வரும் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் மேசையைப் பற்றிய பாடம் என்று தோன்றவே இல்லை.

மறுநாள் நாடா ஒட்டுவதற்கு முந்தைய பழைய பதிவுகளை எடுத்தாள். வயிற்றுக் கோட்டையும் கால் கோட்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து ஓடவிட்டாள். முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. தற்செயலாக இருக்கும் என்று அடுத்த பதிவைப் போட்டாள், அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். முதலில் மருதாசலத்தின் வயிறு இறுகுகிறது. ஒரு கண்ணிமைப்புக்குப் பிறகு அவர் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழுகிறது. கண் பார்க்காததை வயிறு முதலில் சொல்கிறது, கால் அதைக் கேட்டு நடக்கிறது. நிலையம் வயிற்றை வெட்டிவிட்டுக் காலை மட்டும் வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பார்க்கிறவரின் கால் எழுகிறது, எதற்கென்று தெரியாமல். எதற்கென்று தெரியாத கால் வேறொரு சாலையில் எப்படி எழும்?

அப்போதுதான் அக்காவின் நினைப்பு வந்தது. பொள்ளாச்சியில் இருந்த சத்தியபாமா ஒரு வாரம்கூடத் தவறாமல் பட்டை கட்டிப் பார்ப்பவள். தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்து, வால்பாறைக்கு மாற்றியிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பேருந்தில் போகமாட்டேன், என் வண்டியில்தான் போய் இறங்குவேன் என்று பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கிவிட்டாள். மாமா மஸ்கட்டிலிருந்து சரியென்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வாணி பொள்ளாச்சிக்குப் போனாள். அக்கா அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆனைமலைச் சாலையில் விட்டாள். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு பின்னால் பறந்தது. அக்கா ஓட்டுவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தோளைத் தளரவிட்டு, இரண்டு விரலால் ஸ்டியரிங்கைத் தள்ளி, கியர் மாற்றும்போது தாடையை லேசாக உயர்த்தி, அச்சு அசலாக மருதாசலம். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலை திரும்பியது. திருப்பத்தில் தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதி சாலையை அடைத்து நின்றிருந்தது. அக்காவின் கால் எழவில்லை. வாணி கத்தியபிறகுதான் மிதித்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போய் டிராக்டரின் பின்பலகையை உரசாத குறையாக நின்றது. மேலிருந்து ஒரு தேங்காய் உருண்டு பானெட்டில் விழுந்தது.

அக்கா சிரித்தாள். "பாத்தியா, கரெக்டா நிறுத்திட்டேன். மருதா மாதிரியே இல்ல?"

"மருதா மாதிரியேதான்க்கா. அதான் பிரச்சினையே."

"உனக்கு எதுதான்டி பிரச்சினை இல்ல? தூளியக் கொஞ்சம் வேகமா ஆட்டினாலே வீறிட்டு அழுதவ நீ."

வாணி எல்லாவற்றையும் விளக்கினாள். கோடு, வயிறு, கால், குன்னூர்ப் பையன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். ஆசிரியை அல்லவா, நன்றாகப் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு, இனிமேல் ஞாபகமாகக் காலை எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில் அடுத்த திருப்பத்திலேயே வாக்கு காற்றில் போயிற்று. புத்திக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை.

"உனக்குக் கொஞ்சம்கூடப் பயமா இல்லையாக்கா?"

அக்கா யோசித்தாள். "இல்லடி. முன்னெல்லாம் மொபெட்டுல மார்க்கெட் போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயிட்டு வரும். உங்க மாமா கேலி பண்ணுவாரு. இப்ப சுத்தமா இல்ல. எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?" அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மையானது. அதைப் பறிக்க நினைக்கிறோமோ என்று வாணிக்கே ஒரு கணம் தோன்றியது. பிறகு பானெட்டில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தாள்.

சொல்லி ஆகாது. உடம்பு வழியாக வந்தது உடம்பு வழியாகத்தான் போக வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. அந்த ஞாயிற்றில் நேரலை இருந்தது. அதுவும் அதே வால்பாறைச் சாலையில், ஒன்பதாவது வளைவிலிருந்து அடிவாரம் வரை, ஒரு மணி நேரம் போக்குவரத்தை நிறுத்தி வைக்க அனுமதி வாங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ரொசாரியோவின் அறைக் கதவைத் தட்டுமுன் மூன்று தடவை திரும்பிப் போய் வந்தாள். உள்ளே போனதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். புளி நாடாவை உரிக்க வேண்டும் என்று முடித்தாள். ரொசாரியோ நாற்காலியில் சாய்ந்தார்.

"பழைய கதைதான் வாணி. பொழுதுபோக்குன்னு நெனச்சுத்தான் ஜனங்க வந்து ஒக்காறாங்க. பாடம்னு சொல்லிப் பாரு, ஒருத்தன் பட்டை கட்டமாட்டான்."

"அவங்க என்னன்னு நெனச்சுப் பாத்தாலும் உடம்பு பாடமாத்தான் சார் எடுத்துக்குது. உடம்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

போய்விடலாமா என்று அவள் நினைத்தபோது, அவர் பழைய பதிவு ஒன்றைப் புளியோடு போடச் சொன்னார். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டார். கோத்தகிரி இறக்கத்தில் மருதாசலம் முதல் வளைவைத் திரும்புவதற்குள் ரொசாரியோவின் விரல்கள் நாற்காலிக் கையைக் கவ்விவிட்டன. ஓடி முடிந்து பட்டையை அவிழ்த்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் மட்டும் பளபளத்தது.

இதையா இத்தனை நாள் வெட்டி எறிந்தோம் என்றார். பயமில்லாத வேகம் உப்பில்லாத பிரியாணி என்றார். தொலைபேசியை எடுத்தார், விளம்பரப் பிரிவைக் கூப்பிட்டார், சட்டப் பிரிவைக் கூப்பிட்டார். இதய நோய் உள்ளவர்கள் பட்டையைத் தவிர்க்கவும் என்று திரையில் போட்டுவிட்டால் போதும் என்று முடிவாயிற்று. வாணி கேட்டது அக்காவின் கால். அவருக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமையின் தலைப்பு. இருவரும் ஒரே குமிழைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மலையில் ஒத்திகை. ஒன்பதாவது வளைவின் ஓரத்தில் நிலையத்தின் வேன் நின்றது, கலவை மேசையை அதற்குள் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கீழே ஆழியாறு அணை, தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடந்தது. வாணி நகத்தால் நாடாவை உரித்தாள். மருதாசலம் வண்டியை எடுத்தார். சக்கரம் கீச்சிட, ஒன்பதாவது வளைவைத் திரும்பி எட்டாவதை நோக்கிப் பாய்ந்தார். ஐந்து கோடுகள் குதித்தன. ஆறாவது கோடு, துடைத்த மேசைபோல நேராகப் போய்க்கொண்டிருந்தது.

குமிழை முழுதும் ஏற்றினாள். நேர்கோடு.

மருதாசலத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த உணரி செத்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் மேலே வந்ததும் வாணி அதைக் கழற்றி, வயரை மாற்றி, பேட்டரி மாற்றி, கடைசியில் தன் வயிற்றில் ஒட்டிப் பார்த்தாள். வேனுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கோடு வெட்டுக்கிளியாகத் துள்ளியது. ஒளிப்பதிவாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாணிக்கு டீ குடிக்கவே பயம்" என்றார். மருதாசலமும் சிரித்தார். ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

அவரை ஊரே மருதா என்று கூப்பிடும். நாற்பது வயது, கராஜில் பிறந்து வளர்ந்தவர், தலைக்கனம் கொஞ்சம் உண்டு, மனசு சுத்தம். வாணியை அம்மிணி என்பார்.

"நீ ஒட்டினது சரிதான் அம்மிணி," என்றார். "எனக்குத்தான் இல்ல."

"என்னங்க சொல்றீங்க?"

"ஒவ்வொரு வாரமும் நம்ம நிகழ்ச்சிய வீட்டுல பட்டை கட்டிக்கிட்டுப் பாப்பேன். ஒரு தடவையில்ல, மூணு நாலு தடவை. எங்க தப்பு பண்ணினேன்னு பாக்கோணுமில்ல? ஒரு வருசமா அப்படித்தான். நடுவுல பயம் போச்சு. அனுபவம் வந்துருச்சாட்ட இருக்குன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

பயத்தை வெட்டிய தன் உடம்பையே தான் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த மனிதர். பழைய பழக்கத்தின் தயவில் கால் மட்டும் இன்னும் எழுந்துகொண்டிருந்தது. அதுவும் எத்தனை நாளைக்கோ. மருதாசலம் ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்தார்.

"இத்தனை நாள் இப்படியா ஓட்டியிருக்கேன்னு இப்ப பயப்படோணும். அது தெரியுது. வரமாட்டேங்குது அம்மிணி."

ரொசாரியோ நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வேனுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நேரலையைப் பழைய பதிவால் நிரப்ப முடியாது, விளம்பரம் வெளியாகிவிட்டது. ஒளிப்பதிவாளர், விளக்குக்காரர், ஓட்டுநர், எல்லாரும் வீட்டில் பட்டை கட்டுகிறவர்கள். அவர் நடை வாணியின் முன்னால் நின்றது. உணரி இன்னும் அவள் வயிற்றில்தான் இருந்தது. அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்ததும் திரையில் கோடு மேல்விளிம்பை முட்டியது.

தன்னிடம் எல்.எல்.ஆர்.தான் இருக்கிறது என்றாள். ஓட்டுநர் தேர்வில் இரண்டு தடவை தோற்றவள் என்றாள். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்தால் போதும், வழி மூடியிருக்கிறது, எதிரே ஈ எறும்பு வராது என்றார் ரொசாரியோ. ஒரே ஒரு நிபந்தனை: ஓட்டுவது மருதாசலம் இல்லை என்று யாருக்கும் தெரியக்கூடாது. கேமரா சாலையை மட்டும் காட்டும். பேசுவது மருதாசலத்தின் குரல். 'எல்' பலகையை வண்டியின் பின்னால் மட்டும் மாட்டினால் போதும், பின்னால்தான் கேமரா இல்லையே.

"அது பொய்யில்லையா சார்?"

"உடம்புக்குப் போறது நெஜம். காதுக்குப் போறதுதான் பொய். உனக்கு எது வேணும், சொல்லு."

அக்கா திங்கட்கிழமை காலையில் கிளம்புகிறாள். வாணி தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணி. மேசையில் வேறொருவர். கிளம்புமுன் ஆறாவது குமிழைத் தன் கையாலேயே மற்ற ஐந்துக்கும் சமமாக நிறுத்தி, அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். இடது பக்கம் மருதாசலம், சட்டைக்குள் பட்டை. அவள் உடம்பை உணர்ந்து அவர் பேச வேண்டும். வலது பக்கம் ஸ்டியரிங், அதன் பின்னால் அவள். காதுக்குள் யாரோ எண்ணினார்கள். வண்டி நகர்ந்தது.

மாட்டு வண்டி வேகம்தான். ஆனால் அவளுக்குச் சாலை பாய்ந்து வந்தது. முதல் திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே வயிறு சுருண்டது, கால் எழுந்தது, பிரேக்கைத் தொட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் ஏதாவது இருக்குமா? ஒன்றுமில்லை. அடுத்தது. இங்கே இருக்குமா? இல்லை. ஹாரன் அடித்தாள், யாருமில்லாத சாலையில். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு அவளை ஒரு தினுசாகப் பார்த்தது. மருதாசலம் உரத்த குரலில் வண்டியின் சஸ்பென்ஷனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது வளைவில் அவர் பேச்சு தடுமாறியது. ஆறாவதில் மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாவதில் அவள் தப்பு செய்தாள். சரிவு செங்குத்தாக இறங்கிய இடம். பதற்றத்தில் பிரேக்கோடு கிளட்சையும் சேர்த்து மிதித்துவிட்டாள். எஞ்சினின் பிடி விட்டதும் வண்டி கயிறு அறுந்ததுபோல முன்னே ஓடியது. வளைவின் வெளிச்சுவர் வெள்ளையாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது. வயிறு இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. மருதாசலத்தின் கை ஹேண்ட்பிரேக்கை நோக்கிப் பாதி தூரம் போய் அந்தரத்தில் உறைந்து நின்றது. தன்னைத் தவிர யாருமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கிளட்சிலிருந்து காலைப் பிடுங்கினாள். எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்தது. ஸ்டியரிங்கை உடைப்பவள்போலத் திருப்பினாள். சுவர் கண்ணாடியை ஒட்டி வழுக்கிப் பின்னால் போனது.

மருதாசலம் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வந்துருச்சு அம்மிணி," என்றார். "வந்துருச்சு."

அதற்குப் பிறகு அவர் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசவில்லை. "மெதுவா... மெதுவா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். பல லட்சம் நாற்காலிகளில் பல லட்சம் பேர் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினாள். பின்னாலேயே இறங்கி வந்த வேனிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். தொலைபேசிகள் ஒரே சமயத்தில் அலறிக்கொண்டிருந்தன. உடுமலையில் ஒரு திருமண மண்டபமே எழுந்து நின்று கத்தியதாம். காங்கேயத்தில் ஒருவர் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாராம். நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு ஞாயிறு இருந்ததில்லை.

ரொசாரியோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரம் கொல்லிமலை என்றார். குமிழை இதைவிட இரண்டு மடங்கு ஏற்றலாம் என்றார்.

"வேண்டாம் சார்," என்றாள் வாணி. இவ்வளவு சீக்கிரம் தன் வாயிலிருந்து ஒரு 'வேண்டாம்' வந்ததில்லை. "ரெண்டு மடங்கு ஆனா அதுவும் வெட்டினது மாதிரிதான். உள்ளது உள்ளபடி போகட்டும்."

அப்படியானால் மேசைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டா, நிஜமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தான் சொன்னது சரிதானா என்றும் பிடிபடவில்லை. மருதாசலம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக விட்டுப்போனதெல்லாம் மொத்தமாக வருகிறது, கொஞ்ச நாளைக்கு ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று ரொசாரியோவிடம் சொன்னார். அவரை வேனில் ஏற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் வாணி நிலையத்துக்குப் போகவில்லை. கைப்பேசியைக் கட்டில்மேல் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தாள். அக்கா கிளம்பும்போது ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஆழியாறு சோதனைச் சாவடியில் இன்னொன்று. அப்புறம் ஒன்றும் வரவில்லை. மலையில் சிக்னல் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அக்கா பட்டையைச் சரியாகக் கட்டினாளா, ஒரே ஒரு ஞாயிறு ஒரு வருஷத்தை அழிக்குமா, பாதியில் யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால்? கைப்பேசி அடித்தபோது தூக்கிப்போட்டது.

"எங்கக்கா இருக்கே?"

"பதினேழாவது வளைவுல ஓரமா நிறுத்தியிருக்கேன்." அக்காவின் மூச்சு வாங்கியது. "வாணி, எனக்கு ஒரே பயமா இருக்குடி."

வாணி கண்ணை மூடிக்கொண்டாள். யாராவது தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி, அதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டா என்று தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இந்த வளைவுக்கு முன்னாடி என்னவோ மாதிரி வயித்தப் பெரட்டிச்சு. ஒண்ணுமே தெரியல, ரோடு காலியாத்தான் இருந்துச்சு. கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு. நின்னுட்டேன். நின்னதுக்கப்புறம்தான் ஒரு தேயிலை லாரி, முழு ரோட்டையும் அடச்சுக்கிட்டுத் திரும்புச்சு. நான் நின்ன எடத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் நடக்கலாம், அவ்வளவுதான். டிரைவர் கும்பிட்டுட்டுப் போறான்."

"உனக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கென்ன, முழுசா இருக்கேன்." அந்தப் பக்கம் கார்க் கண்ணாடியை ஏற்றும் சத்தம் கேட்டது. "இன்னொண்ணு கேக்கணும். நேத்திலேர்ந்து ஸ்டியரிங்கத் திருப்பறதுக்கு முன்னாடியெல்லாம் வலது கைய, மொதல்ல உள்ளங்கை, அப்புறம் பொறங்கை, தொடைமேல ரெண்டு தடவை தொடச்சுக்கறேன். எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. பரீட்சை ஹாலுக்குள்ள நுழையறப்ப அப்படித் தொடைக்கற ஒரே ஒருத்தியத்தான் எனக்குத் தெரியும்."

வாணி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மருதா குரல வெச்சு ஊரை ஏமாத்தலாம். நான் உன்னத் தூக்கி வளத்தவடி. நேத்து ஓட்டினது நீதானே?"

தன் வலது கை பாவாடைமேல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று வாணி அப்போதுதான் பார்த்தாள். அந்தப் பழக்கம் தனக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது. நேற்று மாலையிலிருந்து எத்தனை லட்சம் கைகள் அதைச் செய்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது தலை சுற்றியது.

"ஆமாக்கா."

"இவ்வளவு பயத்த வெச்சுக்கிட்டாடி இத்தன நாள் நடமாடிட்டிருந்தே?" அக்காவின் குரலில் கேலி இல்லை. "இன்னும் இருபத்து மூணு வளைவு இருக்கு. இது எப்ப நிக்கும்?" என்றாள்.

"நிக்க வேண்டாம்க்கா," என்றாள் வாணி. "மெதுவாப் போ."

அந்தப் பக்கம் எஞ்சின் உயிர் பெறும் சத்தம் கேட்டது. பிறகு ஹாரன், ஆளில்லாத வளைவைப் பார்த்து, நீளமாக.